ட்ரோன் வாங்கும் முன்: வடசென்னை ஆட்களின் கேள்விகள்

கேள்வி (ராயபுரம்): அண்ணா, டிஜேஐ ட்ரோன்ல மேவிக் 3 ப்ரோ எடுக்கவா, மினி 4 ப்ரோ போதுமா?

பதில்: கேமராவுக்கு முன்னாடி எடையைப் பாருங்க தம்பி. மினி 249 கிராம், மேவிக் 958 கிராம். 2021 ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரை மைக்ரோ. மைக்ரோவைக் காசுக்குப் பறக்கவிட்டா ரிமோட் பைலட் சான்றிதழ் வேணும், தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸும் வேணும். மினியில பிளஸ் பேட்டரியை (கூடுதல் நேரம் பறக்க வைக்கிற பெரிய பேட்டரி) போட்டா அதுவும் 250-ஐத் தாண்டிடும். இதைப் பலர் கவனிக்கிறதில்ல.

மேவிக் கேமராவுல வெளிச்சத்தைப் பிடிக்கிற மெயின் சென்சாரோட பரப்பு மினியைவிட மூணு மடங்குக்கு மேல. ராத்திரி சீரியல் லைட் ஷூட்ல அது தெரியும். பகல் ரீல்ஸ்ல யாருக்கும் தெரியாது. என் கணக்குல மேவிக்குக் கூடுதல் காசு தர்றது அதோட 70 மி.மீ. லென்ஸுக்காக. கடல்ல போற போட்டை எடுத்தா, நெருங்காம தூரத்துல நின்னே ஃப்ரேமை நிரப்பலாம்.

கேள்வி (பாரிமுனை): பில் இல்லாம விலை குறைச்சலா ஒரு பீஸ் வருது சார். எடுக்கலாமா?

பதில்: வேணாம். 2022 பிப்ரவரி 9-லிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கு. பில் இல்லைன்னா வாரண்டியும் இல்ல. செகண்ட் ஹேண்டா இருந்தா, விக்கிறவர் தன் அக்கவுண்டிலிருந்து ட்ரோனை நீக்குறதைக் கண்ணால பாத்துட்டுப் பணம் கொடுங்க. பேட்டரி சைக்கிள் எண்ணிக்கையையும் (எத்தனை தடவை முழுசா சார்ஜ் ஆகித் தீர்ந்ததுன்னு) ஆப்ல பாருங்க. செல்களுக்குள்ள வோல்டேஜ் 0.1 வோல்ட்டுக்கு மேல வித்தியாசப்பட்டா அந்த பேட்டரியைக் கணக்குல சேர்க்காதீங்க.

கேள்வி (காசிமேடு): விடியக்காலை போட் கடலுக்குப் போறதை எடுக்கணும். ஒரு கி.மீ. உள்ள அனுப்பலாமா அண்ணே?

பதில்: பக்கத்துலயே துறைமுகம். முதல்ல டிஜிட்டல் ஸ்கைங்கிற அரசு இணையதளத்துல, எங்க பறக்கலாம்னு காட்டுற வரைபடத்தைத் திறங்க. அந்த இடம் சிவப்புன்னா, மத்திய அரசு அனுமதி இல்லாம நானோவும் ஏறக்கூடாது.

அடுத்தது காத்து. மதியம் கடல்காத்துல போகும்போது எதிர்ப்பு, திரும்பும்போது தள்ளிவிடும், பயமில்ல. காலைல கரையிலிருந்து காத்து வீசும். ஆடி மாசத்து மேலைக்காத்தும் அதே திசைதான். ட்ரோன் பூ மாதிரி போகும், பேட்டரி 70 சதவீதம்னு காட்டும், நாமளும் நம்பிடுவோம். திரும்பும்போதுதான் மாட்டும். நொடிக்கு 12 மீட்டர் போற ட்ரோனுக்கு எதிர்க்காத்து 9 மீட்டர்னா கையில நிக்கிறது 3 மீட்டர்தான், ஒரு கி.மீ. வர அஞ்சரை நிமிஷம். அதனால 60 சதவீதத்துலயே திருப்புங்க. உயரத்தையும் குறைச்சுக்குங்க, கீழ காத்து பலம் கம்மி. அதுக்காகத் தண்ணியை ஒட்டி ஓட்டாதீங்க. அலைமேல கீழ்ப்பக்க சென்சார் ஏமாந்துடும்.

போட் தளத்திலிருந்து ஏத்தாதீங்க. எஞ்சின் இரும்பு காம்பஸைக் கெடுக்கும். மொட்டைமாடி கான்கிரீட் கம்பியும் அப்படித்தான்.

கேள்வி (எண்ணூர்): மதிய வெயில்ல வீடியோ வெட்டி வெட்டி ஓடுது. எந்த என்டி ஃபில்டர் போடணும்?

பதில்: ஷட்டர் ரொம்ப வேகமா இருக்கறதாலதான் வெட்டுது. என்டின்னா வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னாடி போடுற கறுப்புக் கண்ணாடி. நொடிக்கு 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/50 நொடி வேணும். ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) 100, எஃப் (லென்ஸ் திறப்பு, எண் கூடினா திறப்பு சிறுசு) 2.8-ல உச்சி வெயில்னா ஷட்டர் 1/3200 பக்கம் நிக்கும். ஆறு ஸ்டாப் இறக்கணும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும்), அதாவது என்டி 64. மேவிக்கோட மெயின் லென்ஸ்ல எஃப் 5.6 வெச்சா என்டி 16 போதும். மினி எஃப் 1.7-லயே நிக்குறதால இன்னும் கறுப்பு ஃபில்டர் தேவைப்படும்.

கேள்வி (வியாசர்பாடி): எங்க பக்கம் பட்டம் விடுவாங்க அண்ணா. பருந்தும் சுத்துது.

பதில்: மாஞ்சா நூல் கேமராவுல தெரியாது. ப்ரொப்பல்லர்ல சுத்திக்கிட்டா மோட்டார் நின்னுடும். வானத்துல ஒரு பட்டம் தெரிஞ்சாலும் அன்னிக்கு ஏத்தாதீங்க. பருந்து வந்தா நேரா மேல ஏறுங்க. பருந்துக்கு வசதி, மேலிருந்து கீழ பாயுறதுதான், ட்ரோன் அளவுக்கு செங்குத்தா ஏற வராது. தப்பிச்சு இறக்கின உடனே ப்ரொப்பல்லர் ஓரத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க. சின்ன வெட்டு தட்டுப்பட்டா அந்த ஜோடியையே மாத்திடுங்க.