ஆயர் பதில்கள்: மோசேயின் மாமனார்

(எங்கள் சபைகளின் தலைமையான திருமண்டலத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கோடை முழுவதும் ஓய்வு விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இந்த மாதம் வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே. ஜெபத்தைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர்.)

கே: ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்பது வேதம். உங்களுக்கு வேலையே ஒரு நாள்தானே ஐயா, எதற்கு ஓய்வு?
வாசகர், சாயர்புரம்

ப: அந்த ஒரு நாளில் எங்கள் சேகரத்துக்கு, அதாவது ஒரே ஆயர் கவனிக்கும் சபைகளுக்கு, வந்து பாருங்கள். விடிந்ததும் தாய்ச்சபையில் ஆராதனை. முடிந்த கையோடு அங்கியைப் பையில் திணித்துக்கொண்டு பைக்கில் கிளைச்சபைக்கு. அங்கே திருவிருந்து, கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பு, ஒரு ஞானஸ்நானம், அப்புறம் ஞானஸ்நான வீட்டில் பிரியாணி. பிரியாணியை வேலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பீர்கள். ஒரே மத்தியானத்தில் மூன்று வீட்டில், எந்த வீட்டாரும் மனம் வருந்தாதபடி சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

கே: டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஒருமுறைகூட விடுப்பில் தாய்நாட்டுக்குப் போகவில்லை. இந்தக் காலத்து ஊழியர்களுக்கு மட்டும் ஏன் இதெல்லாம்?
வாசகி, நாசரேத்

ப: நல்ல அடி. 1895இல் இந்தியா வந்தவர், 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை அயர்லாந்துக்குத் திரும்பவே இல்லை. ஆனால் அதே அம்மையார்தான் 1917இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டு நிலம் வாங்கி வீடு கட்டி, வெயில் தாங்காத நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். முதல் பாதியை மட்டும் மேடைக்கு மேடை சொல்கிறோம்.

கொடைக்கானல் என்ற ஊரே ஊழியக்காரர்களின் களைப்பில் பிறந்ததுதான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆள்மேல் ஆளாகப் பறிகொடுத்தார்கள். சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் மலேரியா விடவில்லை. கடைசியில் 1845இல் பழனி மலைத்தொடர்மேல் ஏறி வீடு கட்டினார்கள். இன்று நாம் அங்கே ஏரியில் படகு விட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு வருகிறோம். இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயரும் முதுமையில் ஓய்வெடுக்கப் போனது கொடைக்கானலுக்கே. 1891இல் பதவியை விட்டுப் போனார், அதே ஆண்டில் அங்கேயே இறந்தார். உடல்தான் இடையன்குடிக்குத் திரும்பியது. "ரொம்பத் தள்ளிப்போட்டால் இப்படித்தான்" என்பது என் மனைவியின் சரித்திர ஆராய்ச்சி.

கே: விடுப்பில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?
வாசகர், பாளையங்கோட்டை

ப: என்னை யாருக்கும் தெரியாத ஆலயமாகப் பார்த்து, கடைசி வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்தேன். அங்கே மின்விசிறிக் காற்று வராது என்பதும், காணிக்கைப் பை நெருங்கும்போதுதான் சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு மட்டும் இருப்பது தெரியவரும் என்பதும் எங்கள் சபையாருக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயங்கள். எனக்குப் புதுசு. கடைசி ஆசீர்வாதத்துக்கு அந்த ஆயர் கை உயர்த்தினார். என் கையும் தானாக எழும்பிவிட்டது. மனைவி முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். முன் வரிசைப் பையன் ஒருவன் திரும்பி, இரண்டு ஆசீர்வாதத்தில் எது செல்லும் என்பதுபோல மாறி மாறிப் பார்த்தான்.

கே: என் அப்பா ஊழியக்காரர். ஊரில் உள்ள குடும்பங்களுக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறார். எங்களுக்குத்தான் அவர் கிடைப்பதில்லை. வேதத்தில் இதற்கு வழி உண்டா ஐயா?
கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

ப: யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தை அப்பா கையில் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லம்மா. மோசேயின் மாமனார் எத்திரோ யாரைக் கூட்டிக்கொண்டு வனாந்தரத்துக்கு வருகிறார்? மருமகன் திருப்பி அனுப்பியிருந்த மகள் சிப்போராளையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும். மோசே எதிர்கொண்டு போகிறார். மாமனாரை வணங்குகிறார், முத்தஞ்செய்கிறார், சுகம் விசாரிக்கிறார், கூடாரத்துக்குள் கூட்டிப்போய் எகிப்தில் நடந்த கதை முழுவதையும் சொல்கிறார். மனைவியிடம் என்ன பேசினார், பிள்ளைகளைத் தூக்கினாரா என்று ஒரு வரி கிடையாது. சரி, மறுநாளாவது? மறுநாள் காலை முதல் சாயங்காலம்வரை ஜனங்களின் வழக்கைக் கேட்க உட்கார்ந்துவிட்டார்!

அன்று முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னதால், நாங்கள் இதை நிர்வாகப் பாடமாகவே பிரசங்கிக்கிறோம். எனக்கு என்னவோ, மகள் பகல் முழுக்கக் கூடார வாசலில் காத்துக் கிடந்ததைப் பார்த்த தகப்பனின் பேச்சாகத்தான் கேட்கிறது. வேதத்தில் அப்படி எழுதவில்லை, நானாகச் சேர்க்கிறேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

உன் அம்மாவின் அப்பா இருக்கிறாரா? இருந்தால் ஒரு வாரம் வந்து தங்கச் சொல். ஆலோசனை ஒன்றும் வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

கே: இரவு குடும்ப ஜெபத்தில் என் மகன் தவறாமல் தூங்கிவிடுகிறான்.
வாசகர், தூத்துக்குடி

ப: துரோவா பட்டணத்தில் பவுலே பிரசங்கித்தார். நடுராத்திரியானதும் ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். உங்கள் மகன் பாயில்தானே சாய்கிறான்? ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், பரமண்டல ஜெபம். பாட்டை அவனே எடுக்கட்டும். பசியில் இருக்கிறவன் எல்லாச் சரணங்களையும் பாட மாட்டான், உங்களையும் நீட்ட விடமாட்டான்.

கே: நீங்கள் இல்லாதபோதும் சபை நன்றாக நடந்ததாமே?
வாசகர், இடம் குறிப்பிடவில்லை

ப: காணிக்கைகூடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. சேகரக் கமிட்டிச் செயலாளர் இதை என்னிடம் சொன்னபோது முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டார்.

கே: ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாதவர்கள் என்று நான்காம் கட்டளை ஒரு பட்டியல் தருகிறது. நீ, குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசல்களில் இருக்கும் அந்நியன். மனைவி எங்கே?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ப: "நீ" என்பதிலேயே கணவனும் மனைவியும் அடக்கம் என்று வேத பண்டிதர்கள் விளக்கம் சொல்வார்கள். அதை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அப்படியானால் அடுத்த விடுப்பு எனக்கு" என்று பதில் வந்தது. அம்மா, உங்கள் கடிதத்தில் அஞ்சல் முத்திரை எங்கள் ஊருடையது. கையெழுத்தும் எங்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டில் தினமும் பார்ப்பதுதான். மீதி விளக்கத்தை நேரில் தருகிறேன், இந்த மீனை நறுக்கி முடித்ததும்.