பிள்ளைகளின் வருகைப்பதிவு: டேப்லெட்டுக்கு முன் பிரிண்டரை முடிவு செய்யுங்கள்

கேள்வி: எங்கள் திருச்சபையில் மே மாதம் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறோம். சுமார் 150 குடும்பங்களிலிருந்து 240 பிள்ளைகள் காலை எட்டரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் வந்துசேருவார்கள். பெற்றோர் டேப்லெட்டில் பதிந்ததும் பிள்ளையின் சட்டையில் ஒட்டும் பெயர்ச்சீட்டு அச்சாக வேண்டும். நன்கொடையாக வந்த இரண்டு ஐபேடுகளும் அலுவலகத்தின் யு.எஸ்.பி. லேபிள் பிரிண்டரும் கைவசம் உள்ளன. ஆனால் ஐபேடிலிருந்து பிரிண்டருக்கு எதுவும் போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஐபேடிலும் பழுதில்லை, பிரிண்டரிலும் பழுதில்லை. விண்டோஸ் கணினியில் செய்வதுபோல் பிரிண்டருக்குரிய டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, ஐபேடில் நிறுவ முடியாது. ஏர்பிரிண்ட் (டிரைவர் இல்லாமலே அச்சிட ஆப்பிள் தரும் வழி) வசதியுள்ள பிரிண்டராக இருக்க வேண்டும், அல்லது அந்தப் பிரிண்டரோடு நேரடியாகப் பேசத் தெரிந்த வருகைப்பதிவுச் செயலி வேண்டும். இரண்டும் இல்லாதபோது கம்பியை மாற்றி மாற்றிச் செருகிப் பயனில்லை. ஆகவே எந்த டேப்லெட் என்பதைவிட, உங்கள் மென்பொருள் எந்தப் பிரிண்டரை ஏற்கிறது என்பதே முதற்கேள்வி.

புதிய பிரிண்டர் வாங்காத வழி ஒன்று உண்டு. பிரிண்டரை ஒரு லேப்டாப்பில் இணைத்து, ஐபேடில் பதிவானவை அந்த லேப்டாப் வழியாக அச்சாகும்படி அமைக்கலாம். பிளானிங் சென்டர் போன்ற, திருச்சபைகளுக்கென்றே உள்ள மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது. புதிதாக வாங்கப் பணம் இருந்தால், வை-ஃபையும் ஏர்பிரிண்டும் உள்ள பிரதர் க்யூ.எல்-820என்.டபிள்யூ.பி. வகைப் பிரிண்டர் பொருத்தமானது. புளூடூத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு டேப்லெட்டோடுதான் அது ஒட்டிக்கொள்ளும், உங்களுக்கோ பல டேப்லெட்டுகள் ஒரே பிரிண்டரைப் பகிர வேண்டியிருக்கும்.

வை-ஃபையில் இரண்டு இடங்களில் சிக்கல் வரும். விருந்தினருக்கெனத் தனியாக அமைத்த வை-ஃபையில், இணைந்திருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடை இருப்பது வழக்கம். இணையம் ஓடும், அச்சு மட்டும் வராது. மற்றது, நேற்று வேலை செய்த பிரிண்டர் இன்று காலையில் காணாமற்போவது. மின்சாரம் போய் வந்தபின் ரவுட்டர் அதற்கு வேறு ஐ.பி. முகவரி (வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்துவிடுவதே பெரும்பாலும் காரணமாதலால், ரவுட்டர் அமைப்பில் பிரிண்டருக்கு ஒரே முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். ரவுட்டர், பிரிண்டர் இரண்டையும் இன்வெர்ட்டரில் போடுங்கள். மே மாதத்தில் இது விருப்பத்தேர்வு அல்ல.

இனி, வெளிநாட்டு வழிகாட்டிகளில் நீங்கள் காணாத ஒன்று: தமிழ்ப் பெயர்கள். பல லேபிள் பிரிண்டர்களுக்குள் இருக்கும் எழுத்துருக்களில் தமிழே கிடையாது. எழுத்துருவை ஏற்றினாலும் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் திறன் இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறிவிடும். ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘ஜெ’ என்பது முதலில் ‘ஜ’, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. அதை முன்னே கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்காதபோது ‘ஜெபக்கனி’ என்ற பெயரில் கொம்பு ஜகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஐபேடோ லேப்டாப்போ முழு லேபிளையும் ஒரு படமாக ஆக்கி அனுப்பினால் இந்தத் தொல்லை தீரும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் ‘ஜெ’, ‘யோ’, ‘சௌ’ வரும் மூன்று பெயர்களை அச்சிட்டுப் பாருங்கள். விற்பவரின் வாய்மொழி உறுதி போதாது.

எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு குடும்பத்துக்கு முப்பது விநாடி என்று வைத்தால், அரை மணி நேரத்தில் ஒரு டேப்லெட் 60 குடும்பங்களைத்தான் கடத்தும்; 150 குடும்பங்களுக்கு மூன்று டேப்லெட் வேண்டும். பெற்றோர் கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தட்டினால் குடும்பத்தின் பெயர் வரும்படி முன்பதிவை முடித்திருந்தால்தான் இந்த முப்பது விநாடி சாத்தியம். புதிதாக வருவோருக்குத் தனி மேசையும் காகிதப் படிவமும் போதும். முதல் நாள் அவர்களை டேப்லெட் வரிசையில் நிறுத்தினால் வரிசை வாசல்வரை நீளும்.

பிரிண்டர் ஒன்றே தாங்கும். பிள்ளைக்கு ஒன்றும் குடும்பத்துக்கு ஒன்றுமாக நாளொன்றுக்கு 390 சீட்டு, அதாவது நிமிடத்துக்கு 13. மேற்சொன்ன பிரதர் பிரிண்டருக்கான 62 மி.மீ. அகலத் தொடர்சுருளின் நீளம் 30.48 மீட்டர், சீட்டின் நீளம் 4 செ.மீ. என்றால் ஒரு சுருளில் சுமார் 760 சீட்டு வரும். பத்து நாளுக்கு 3,900 சீட்டு, ஆகவே ஆறு சுருள். ஏழாவதையும் வாங்கிவையுங்கள், கடைசி நாளில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வருவார்கள். மை தேவையில்லை, வெப்பத்தால் கருக்கும் தாள் இது. அதனாலேயே சுருளை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தால் தாள் கருத்துப்போகலாம். சானிடைசர் பட்டாலும் எழுத்து கெடலாம்.

சீட்டில் பெயர், வகுப்பு, அன்றைய குறியீடு, ஒவ்வாமை இருந்தால் அது, இவை போதும். அதே குறியீடுள்ள குடும்பச் சீட்டைக் காட்டுபவரிடமே பிள்ளையை ஒப்படையுங்கள். குறியீடு நாள்தோறும் மாற வேண்டும். கைப்பேசி எண்ணையும் முகவரியையும் பிள்ளையின் நெஞ்சில் ஒட்டி அனுப்பாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. முன்பதிவுப் படிவத்திலேயே அதற்கு ஒரு வரி சேர்த்துக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.

ஐபேடில் ‘கைடட் அக்சஸ்’ அமைப்பை இயக்கினால், பிள்ளைகள் பதிவுத் திரையை விட்டு யூடியூபுக்குப் போக முடியாது. பெயர்ப்பட்டியலின் அச்சுப்பிரதி ஒன்றும் இரண்டு தடித்த மார்க்கரும் மேசையின் இழுப்பறையில் இருக்கட்டும்.