இங்கிலாந்தில் பிள்ளைகள் வீடு வாங்கும்போது: வாசகர் கேள்வி, சட்ட பதில்

கேள்வி: மகன் லெஸ்டரில் ஒரு வீட்டுக்கு விலை பேசி முடித்தான். இப்போது வேறொருவர் கூடுதலாகத் தருகிறார் என்று விற்பவர் பின்வாங்குகிறார். சர்வே (வீட்டின் நிலையைப் பார்க்கும் ஆய்வு), சொலிசிட்டர் (அங்கே கிரய வேலை பார்க்கும் வழக்கறிஞர்) செலவெல்லாம் ஆகிவிட்டது. வழக்குப் போடலாமா?
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: போட்டாலும் நிற்காது. இங்கிலாந்தில் பேசி முடித்த விலை யாரையும் கட்டுப்படுத்தாது. வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்கிறது 1989-ம் ஆண்டுச் சட்டம். கையெழுத்தான ஒப்பந்தங்களை இரண்டு சொலிசிட்டர்களும் மாற்றிக்கொள்ளும் நாளை 'எக்ஸ்சேஞ்ச்' என்பார்கள். கட்டுப்பாடு அன்றுதான் தொடங்குகிறது. வழக்கமாக விலையில் 10 சதவீதம் டெபாசிட்டும் அன்றுதான் கட்டுவார்கள். அதன் பிறகு வாங்குபவர் பின்வாங்கினால் டெபாசிட் போய்விடும். ஆகவே வங்கிக் கடன் எழுத்தில் உறுதியாகும் முன் எக்ஸ்சேஞ்சுக்குச் சம்மதிக்க வேண்டாம். கட்டட இன்ஷூரன்ஸையும் பெரும்பாலும் அன்றிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும். சாவி கைக்கு வருமுன் வீடு தீப்பிடித்தாலும் நஷ்டம் வாங்கியவருக்கே என்பதுதான் அங்குள்ள வழக்கமான நிபந்தனை.

கேள்வி: என் கணவர் 2019-ல் காலமானார். உயில் இல்லை. மஞ்சக்குப்பம் வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. மகன் ரெடிங்கில் 3,50,000 பவுண்டுக்கு முதல் வீடு வாங்குகிறான். முதல்முறை வாங்குபவர்களுக்கு வரி குறைவாமே? என் பெயரையும் சேர்க்கலாமா?
(வாசகி, கடலூர்)

பதில்: பாகப்பிரிவினை எழுதவில்லை என்பதால் மகனுக்குப் பங்கு இல்லை என்று ஆகாது. இந்து வாரிசுரிமைப்படி நீங்கள், மகன், மகள் என மூன்று வாரிசுகள் இருந்தால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. 'முதல்முறை' சலுகைக்கு உலகில் எங்குமே வீட்டில் பங்கு இருந்திருக்கக் கூடாது. வாரிசாக வந்த பங்கும் கணக்கில் சேரும். இப்போது மகன் தன் பங்கைத் தங்கைக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் பழைய உரிமை அழியாது. சலுகை இருந்தால் ஸ்டாம்ப் டியூட்டி 2,500 பவுண்டு, இல்லாவிட்டால் 7,500. சொலிசிட்டரிடம் இந்தப் பங்கை மறைத்துச் சலுகை வாங்குவது பொய்க் கணக்குத் தாக்கல். அபராதம் வரை போகும்.

இரண்டாவது வீட்டுக்கான கூடுதல் 5 சதவீதம் தனிக்கதை. அதற்கு ஏற்கெனவே உள்ள பங்கின் மதிப்பு 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கடலூர் வீடு 90 லட்சம், பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் மகனின் பங்கு 25,000 பவுண்டுதான், தப்பித்தார். ஆனால் மருமகளையும் பாருங்கள். லாஸ்பேட்டையில் அவர் பெயரில் 60 லட்சத்துக்கு வீடு இருந்தால் அது 50,000 பவுண்டு. சேர்ந்து வாழும் தம்பதியில் ஒருவர் சொத்து மற்றவருக்கும் சேரும் என்பதால் முழு விலைக்கும் 5 சதவீதம், அதாவது 17,500 பவுண்டு கூடி, மொத்தம் 25,000 ஆகிவிடும். மருமகள் கிரயத்தில் கையெழுத்தே போடாவிட்டாலும் இதுதான். இந்தக் கூடுதல் வரியில் மட்டும் ஒரு வழி உண்டு: வீட்டுக் கிரயம் முடியும் நாளன்று இருக்கும் சொத்துதான் கணக்கு. அதற்கு முன்பே இங்குள்ள வீட்டை முறையாகப் பதிவுசெய்து மாற்றியிருந்தால் வரி வராது.

உங்கள் பெயரைச் சேர்க்கவே வேண்டாம். முந்தைய 12 மாதங்களில் 183 நாளாவது பிரிட்டனில் இருக்காதவர் பெயர் ஒன்று இருந்தாலும், முழு விலைக்கும் மேலும் 2 சதவீதம், 7,000 பவுண்டு. பணம் தர விரும்பினால் அன்பளிப்பாகக் கொடுங்கள்.

கேள்வி: நெல்லிக்குப்பம் மனையை விற்று 40 லட்சம் அனுப்பப் போகிறேன். என்ன காகிதம் வேண்டும்?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: பணம் எங்கிருந்து வந்தது என்று அங்குள்ள சொலிசிட்டர் கேட்டே தீருவார். கிரயப் பத்திரம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, பணம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், 'திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கும் வேண்டாம்' என்ற கடிதம் தயாராக இருக்கட்டும். பத்திரத்தில் குறைத்து எழுதி மீதியைக் கையில் வாங்கும் பழக்கம் இங்கே உண்டு. அந்தக் கைப்பணத்துக்கு அங்கே காட்ட ஒரு காகிதமும் இருக்காது. முழுத் தொகையையும் வங்கி வழியே வாங்குங்கள்.

ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் வரம்பு 2,50,000 டாலர். 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். உங்களுக்கு 6 லட்சம். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தத் தொகை கையில் இருக்காது. எக்ஸ்சேஞ்ச் நாளுக்கு முன்பே இதைக் கணக்குப் போடுங்கள். மனை விற்ற லாபத்துக்கு, வெளிநாட்டு வீட்டில் முதலீடு செய்தேன் என்று விலக்குக் கேட்க முடியாது. அந்த விலக்கு இந்தியாவில் வாங்கும் வீட்டுக்கு மட்டுமே.

கேள்வி: மகள் பார்த்திருக்கும் ஃபிளாட்டில் லீஸ் 78 ஆண்டு பாக்கி. நம் ஆயுசுக்குப் போதும்தானே?
(வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: ஆயுசுக்குப் போதும், மறுவிற்பனைக்குப் போதாது. லீஸ் என்பது ஃபிளாட்டை இத்தனை ஆண்டுக்கு என்று வாங்கும் குத்தகை உரிமை. லீஸ் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கினால் நீட்டிக்கும் செலவு எகிறும். இதை மாற்றும் 2024-ம் ஆண்டுச் சட்டத்தின் சில பகுதிகள்தான் அமலில் உள்ளன. 'வாங்கி இரண்டு ஆண்டு ஆன பிறகே நீட்டிப்புக் கேட்கலாம்' என்ற தடை 2025 ஜனவரி 31-ல் நீங்கியது. செலவுக் கணக்கை மாற்றும் பகுதி அமலுக்கு வந்ததா என்று சொலிசிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீட்டிப்புக்கு ஆகும் தொகையைக் கேட்டு, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மூன்று ஆண்டு சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) கணக்கையும் வாங்கிப் பாருங்கள். கூரை, லிஃப்ட் வேலை பாக்கி இருந்தால் அந்தச் செலவு உங்கள் மகள் தலையில்தான் விழும்.