கேளுங்கள் டாக்டர்: நடுவானில் அழைப்பு வந்தால்…

(அவசரச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: நான் அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸ். அண்மையில் ஒரு விமானப் பயணத்தில், “டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?” என்று அறிவித்தார்கள். டாக்டரைத்தானே கேட்கிறார்கள் என்று உட்கார்ந்தே இருந்துவிட்டேன். நான் எழுந்திருக்க வேண்டுமா?

பதில்: எழுந்திருங்கள், சிஸ்டர். டாக்டரை மட்டும் கூப்பிடுவது அந்த அறிவிப்புக்குப் பழகிப்போன வழக்கம், அவ்வளவுதான். 2013-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, விமானங்களில் நேர்ந்த 11,920 மருத்துவ அவசரங்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் ஏறக்குறைய பாதியில் டாக்டர்கள் உதவியிருந்தார்கள். ஐந்தில் ஒன்றில் நர்ஸ்கள். இரவுப் பணியில் முப்பது நோயாளிகளைத் தனியாகச் சமாளிக்கும் நர்ஸும், ஆம்புலன்ஸிலேயே காலம் தள்ளும் பாராமெடிக்கும், ரத்த அழுத்தமானியைத் தொட்டே பல ஆண்டுகள் ஆன சில நிபுணர்களைவிட அங்கே அதிகம் பயன்படுவார்கள். (கோபக் கடிதம் எழுதப்போகும் நிபுணர்களுக்கு முன்கூட்டியே வணக்கம்.)

முதலில் நீங்கள் யார், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைப் பணியாளரிடம் சொல்லுங்கள். அடையாள அட்டை இருந்தால் காட்டுங்கள். பல நிறுவனங்களில் பெரிய மருந்துப் பெட்டியைத் திறக்க அதைக் கேட்பார்கள். நோயாளி பேசும் நிலையில் இருந்தால் அவரிடமும் அனுமதி கேளுங்கள். மது அருந்தியிருந்தாலோ தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ மட்டும் எழுந்திருக்காதீர்கள்.

நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் மயக்கமாகத்தான் இருக்கும். அந்த ஆய்விலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மயக்கமும் தலைச்சுற்றலும்தான். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். போதாததற்குச் சரியான உணவில்லை, தூக்கமில்லை, பல மணி நேரம் மடங்கிய கால். அவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், ஆக்சிஜன் கொடுங்கள், நன்றாக நினைவு திரும்பியதும் பழச்சாறு கொடுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் கருவி 92 சதவீதம் காட்டினால் பதறாதீர்கள். அந்த உயரத்தில் நல்ல உடல்நலம் உள்ளவருக்கே அப்படிக் காட்டும். சர்க்கரை நோயாளியா என்று கேட்க மறக்காதீர்கள்.

ரத்த அழுத்தம் பார்க்க ஸ்டெதாஸ்கோப்பை நம்ப வேண்டாம். காதில் வைத்தால் என்ஜின்தான் கேட்கும். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, மணிக்கட்டு நாடியில் விரலை வையுங்கள். காற்றை இறக்கும்போது நாடி எந்த எண்ணில் திரும்புகிறதோ அதுதான் மேல் அழுத்தம். கீழ் அழுத்தம் கிடைக்காது. அந்த நேரத்தில் அது இல்லாமலே முடிவெடுத்துவிடலாம்.

கேள்வி: விமானத்தில் என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. உதவிக்கு வந்த டாக்டர், “உடனே தரையிறக்குங்கள்” என்றார். விமானி கேட்காமல் மேலும் இரண்டு மணி நேரம் பறந்தார். இது நியாயமா?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. அப்பாவைப் பரிசோதிக்காமல் அந்த முடிவு சரி என்றோ தவறு என்றோ நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் விமானத்தை எங்கே இறக்குவது என்ற முடிவு கேப்டனுடையது. உதவிக்கு வரும் டாக்டர் ஆலோசனைதான் சொல்ல முடியும். பல நிறுவனங்கள் தரையிலுள்ள மருத்துவர்களிடமும் ரேடியோவிலோ சாட்டிலைட் போனிலோ கருத்துக் கேட்கும்.

கேப்டன் யோசிப்பவை நமக்குத் தெரிவதில்லை. கீழே கடலாக இருக்கலாம். அருகிலுள்ள ஓடுதளம் அந்த விமானத்துக்குப் போதாமல் இருக்கலாம். புறப்பட்டுச் சிறிது நேரமே ஆகியிருந்தால், தரையிறங்க அனுமதிக்கப்பட்ட எடையைவிட விமானம் கனமாக இருக்கும். எரிபொருளைக் காற்றில் கொட்டும் வசதி எல்லா விமானத்திலும் இல்லை, போயிங் 737-லும் ஏர்பஸ் ஏ320-லும் கிடையாது. முப்பத்தைந்தாயிரம் அடியிலிருந்து இறங்கவே ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். இத்தனையும் செய்து இறங்கிய ஊரில் இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் வசதி இல்லையென்றால், நேராகப் பறந்திருந்தாலே சிகிச்சை சீக்கிரம் கிடைத்திருக்கும். நான் குறிப்பிட்ட ஆய்வில் சுமார் 7 சதவீத அவசரங்களில்தான் விமானம் திசைமாறியது.

கேள்வி: நான் பல் மருத்துவர். உதவப் போய் வழக்கில் மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டம், விமானத்தில் நல்லெண்ணத்தோடு உதவும் மருத்துவத் துறையினரைப் பாதுகாக்கிறது, மிக மோசமான அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே இழைக்கும் தவறுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிரான்ஸில் நிலைமையே வேறு: ஆபத்தில் இருப்பவருக்கு உதவ முடிந்தும் உதவாமல் இருப்பதுதான் அங்கே குற்றம். உங்களுக்குத் தெரிந்ததைச் செய்யுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், செய்ததை நேரத்தோடு எழுதிக் கொடுங்கள்.

1995-ல் ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குப் போன விமானத்தில் நடந்ததை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துத் திணறிய பெண்ணுக்கு, எலும்பு அறுவை நிபுணர் ஆங்கஸ் வாலஸ் இன்னொரு டாக்டரோடு சேர்ந்து, கோட் மாட்டும் கம்பி, சிறுநீர்க் குழாய், தண்ணீர் பாட்டில் இவற்றைக் கொண்டே மார்பில் குழாய் செலுத்திக் காப்பாற்றினார். கருவிகளைச் சுத்தப்படுத்த பிராந்தி. அருமையான கதைதான். ஆனால் இதைக் கேட்டுக் கேட்டே, கம்பி வளைக்கத் தெரியாதவர் எழுந்திருக்கக் கூடாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். என்னை வியக்க வைத்தது கம்பி அல்ல. கை எலும்பு முறிவு என்று முதலில் பார்த்த நோயாளிக்கு, பிறகு நெஞ்சு வலி வந்தபோது மறுபடி பரிசோதித்து நோயைக் கண்டுபிடித்தாரே, அதுதான். பல் மருத்துவரான நீங்கள் நாடி பார்ப்பீர்கள், மூச்சுப்பாதையைக் காப்பீர்கள், ஒவ்வாமைக்கு ஊசி போடுவீர்கள். போதும், வாருங்கள்.

கேள்வி: உதவியதற்குக் கட்டணம் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். இத்தகைய சட்டப் பாதுகாப்பு பொதுவாக ஊதியம் பெறாமல் உதவுபவருக்குத்தான். நன்றி சொல்லி அவர்களாகத் தரும் சிறு பரிசை மறுக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் மருத்துவத் துறையில் இல்லை. பக்கத்து இருக்கைக்காரருக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது?

பதில்: முதலில் இடம் கொடுங்கள். மார்பை அழுத்த வேண்டியிருந்தால் இருக்கையில் வைத்து முடியாது; தரையில் கிடத்த வேண்டும், நடைபாதை போதாமல் கதவருகே தூக்கிப் போக நேரலாம். அப்போது உங்கள் தோள் வலு தேவைப்படும். நோயாளியின் மொழி உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் அங்கேயே நில்லுங்கள். கைப்பேசியில் படம் பிடிப்பவரை உட்காரச் சொல்லுங்கள், கொஞ்சம் கடுமையாகவே. உங்கள் சொந்த மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். “மருந்து இருக்கிறது, ஆனால் சரக்கு அறைக்குப் போன பெட்டியில் இருக்கிறது” என்ற பதிலை நான் கேட்டுச் சலித்துவிட்டேன்.