புரை திரும்ப வந்திட்டுதா? லேசர் அடித்தால் கண் எரியுமா?

சண்டிலிப்பாய் வாசகி ஒருவரின் கேள்வி: அம்மாவுக்கு வயது 68. இரண்டு வருடத்துக்கு முன் வலக்கண்ணில் புரை ஒப்பரேஷன் செய்து லென்ஸ் வைத்தது. இப்போது திரும்பவும் புகார் மூடினமாதிரி இருக்குது என்கிறா. புரை திரும்ப வந்திட்டுது என்று கண்ணாடிக் கடையில் சொன்னார்கள். லேசர் அடித்தால் கண் எரிந்துபோகும், இந்தியாவுக்குக் கூட்டிப்போய் லென்ஸை மாற்றித் தருகிறேன் என்று தெரிந்த ஒருவர் நிற்கிறார். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் உண்டு. என்ன செய்வது?

அந்த ஆளிடம் காசும் கொடுக்காதீர்கள், பாஸ்போட்டும் கொடுக்காதீர்கள்.

எடுத்த புரை திரும்ப வராது. புது லென்ஸைத் தாங்குவதற்காக, பழைய லென்ஸ் இருந்த மெல்லிய உறையை உள்ளே விட்டிருப்பார்கள். அதில் மிஞ்சிய கலங்கள் மெல்ல வளர்ந்து உறையின் பின்சுவரில் படலமாகப் படர்ந்து அதை மங்க வைக்கும். ஒப்பரேஷன் செய்தவரின் பிழையல்ல இது. லென்ஸும் பழுதாகவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது 'பிறகு படலம் வரலாம், லேசரால் திறக்கலாம்' என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் செல்லும்? எத்தனை தரம் கேட்டும் நடக்கவில்லை. அந்த ஒரு வரி இல்லாதபடியால்தான் தரகர்கள் படியேறுகிறார்கள், அதுவும் வெளிநாட்டுக் காசு வரும் வீடாகப் பார்த்து.

இந்தப் படலத்துக்கு அடிப்பது யாக் லேசர். அதன் 1064 நானோமீற்றர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. வைத்தியர் சிவப்பு வெளிச்சம் ஒன்றை வைத்துக் குறி பார்ப்பார். கதிர் கண்ணுக்குள் அகலமாக நுழைந்து, படலத்தில் மட்டும் தலைமயிரிலும் மெல்லிய புள்ளியாகக் குவியும். உருப்பெருக்குக் கண்ணாடியைச் சரியான உயரத்தில் பிடித்தால்தான் வெயிலில் சருகு பற்றும், கூட்டினாலும் குறைத்தாலும் பற்றாது அல்லவா? அப்படித்தான், குவியும் புள்ளிக்கு முன்னும் பின்னும் கதிர் பரந்து வலுவிழந்துவிடும். ஓர் அடி ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கு நேரங்கூட நீடிக்காது. படலம் எரிவதில்லை, பிரிந்து விலகும். துளி மருந்து விட்டு, நாடியைத் தாங்கியில் வைத்து இருத்துவார்கள். சில நிமிட வேலை. கத்தியும் இல்லை, தையலும் இல்லை.

இன்னொரு ஏமாற்று. 'லேசர் புரை ஒப்பரேஷன்' என்று சொல்லிக் காசு கறக்கிறார்கள். அவர்கள் லேசர் என்று சொல்வது அனேகமாக அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறை. நல்ல முறைதான், ஆனால் அதில் லேசர் இல்லை. மற்றக் கண்ணுக்குப் போகும்போது நினைவில் வைத்திருங்கள்.

இனிச் சீனி வருத்தம். மங்கலுக்குக் காரணம் படலமா, அதற்குப் பின்னால் விழித்திரையில் நீர் கோத்த வீக்கமா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். வீக்கம் இருக்கும்போது படலத்தைத் திறந்தால் பார்வை தெளியாது, சிலருக்கு வீக்கம் கூடவும் செய்யும். ஆகவே கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்காமல் லேசருக்குச் சம்மதிக்காதீர்கள். தேவையென்றால் ஸ்கானும் எடுக்கச் சொல்லுங்கள். சீனியால் கெட்ட விழித்திரைக்கு அடிக்கும் லேசர் வேறு, பெரும்பாலும் பச்சைக் கதிர். அது உண்மையிலேயே சுடத்தான் செய்யும், அதன் வேலையே அதுதான். உங்களைப் பயப்படுத்தியவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

யாழ் போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள். ஒப்பரேஷன் அட்டை, லென்ஸ் ஸ்டிக்கர், கடைசிச் சீனி ரிப்போட் மூன்றையும் கொண்டுபோங்கள். துளி விட்டபின் சில மணித்தியாலம் கண் கூசும், அம்மாவைத் தனியாக பஸ்ஸில் அனுப்பாதீர்கள். லேசருக்குப் பின் கண் பிரஷரைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். சில நாள் பூச்சி பறப்பதுபோல் தெரிவது வழமை. மின்னல் வெட்டினாலோ, திரை இறங்குவதுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ, அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.