ஒரே அளவு மது, வெவ்வேறு விளைவு

கேள்வி: என் கணவரும் வெளிநாட்டில் குடியேறிய அவருடைய நண்பரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குடிக்கிறார்கள். நண்பர் நன்றாக இருக்கிறார். இவரோ குடித்துவிட்டு வண்டியோடு விழுந்தார், வேலையையும் இழந்தார். "குற்றம் குடியில் இல்லை, நாட்டில்தான்" என்கிறார். இது உண்மையா?

பதில்: நாட்டுச் சூழலுக்குப் பெரும் பங்கு உண்டு, சகோதரி, ஆனால் அதிலிருந்து அவர் எடுத்திருக்கும் முடிவு தவறானது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் மதுவால் இறந்தவர்கள் சுமார் 26 லட்சம் பேர். குடிக்கப்பட்ட ஒவ்வொரு லிட்டருக்கும் நேரும் இறப்புகளோ வருமானம் குறைந்த நாடுகளில்தான் மிக அதிகம். கல்லீரல் கெடத் தொடங்கியதை உரிய காலத்தில் கண்டறிய மருத்துவரும், இரவில் வீடு திரும்பப் பேருந்தும், வேலை போனால் தாங்கிக்கொள்ள அரசு உதவியும் உள்ள இடத்தில் ஒருவரைக் காப்பாற்றும் ஏற்பாடுகள் பல. அவை இல்லாத இடத்தில் அதே அளவு மது ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடுகிறது.

அரசின் முடிவுகளும் உயிர்களைத் தொடுகின்றன. சோவியத் ஒன்றியம் 1985-இல் மது விற்பனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது ஆண்களின் சராசரி ஆயுள் உயர்ந்தது. பிடி தளர்ந்து, அந்த நாடும் சிதைந்த பிறகு, 1994-இல் ரஷ்யாவில் அது 58 வயதுக்கும் கீழே இறங்கியது. பின்லாந்து 2004-இல் மது வரியைக் குறைத்ததும் மதுவால் வரும் இறப்புகள் கூடின. 2018-இல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலையை நிர்ணயித்த ஸ்காட்லாந்தில், அந்த விலை இல்லாதிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதைவிட அவை குறைவாக இருந்தன என்று ஆய்வு கண்டது. மது எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பதன் விலையைப் பெரும்பாலும் ஏழைகளே கொடுக்கிறார்கள் என்பது என்னை மிகவும் வருத்தும் செய்தி.

ஆனால் நல்ல சாலையும் நல்ல மருத்துவமனையும் மதுவின் நஞ்சை நீக்குவதில்லை. புற்றுநோய் அபாயம் எந்த நாட்டிலும் உண்டு; நண்பரின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதும் வெளியே தெரியாது. தம்மைச் சுற்றிப் பாதுகாப்பு குறைவு என்று உங்கள் கணவர் உண்மையாகவே நம்பினால், நண்பரைவிட அவருக்குத்தான் நிறுத்த வேண்டிய காரணம் அதிகம்.

அவர் குடிக்காத நேரத்தில் இதைக் குற்றம் சாட்டும் தொனியின்றிச் சொல்லுங்கள். குடித்த நாளில் வண்டிச் சாவி அவர் கைக்குப் போக வேண்டாம். அவர் நாள்தோறும் நிறையக் குடிப்பவராக இருந்தால், தாமாகத் திடீரென நிறுத்தும்படி வற்புறுத்தாதீர்கள். வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.