பேராதனையில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை ஆள் பிடிக்காமல் கிடைக்குமா?

ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்து பி.எஸ்சி. முடித்த தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர் வேலையோ வேறு உதவி வேலையோ சிபாரிசு இல்லாமல் எடுக்கலாமா என்று. எடுக்கலாம், நான் எடுத்தேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று நான் சத்தியம் பண்ணவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முகாமைத்துவ உதவியாளர், தொழினுட்ப உத்தியோகத்தர் எல்லாம் பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஆளணி. அதற்குப் பத்திரிகையிலும் இணையத்தளத்திலும் விளம்பரம் வரும், நாள் இழுபடும். ஆராய்ச்சி உதவியாளர் கதை வேறு. தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற இடத்திலிருந்து ஒரு விரிவுரையாளருக்கு ஆராய்ச்சிப் பணம் வந்தால் அந்தப் பணத்தில் ஆள் எடுப்பார், பணம் முடிந்தால் வேலையும் முடியும். ஆனால் அந்த ஆய்வையே வைத்து எம்.பில். பதிய இடம் உண்டா என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். விஞ்ஞானத்துக்கும் விவசாயத்துக்கும் பட்டப்பின் படிப்பு நிறுவனங்கள் பேராதனையிலேயே இருக்கின்றன.

நான் போனது தேயிலை மண் ஆய்வு ஒன்றுக்கு. பட்டத்தில் என்னைவிட நல்ல வகுப்பு எடுத்தவர்கள் வெளியே வரிசையில் இருந்தார்கள். தோட்டத்துக்குள் போய் ஆட்களோடு பேச முடியுமா என்று பேராசிரியர் கேட்டார். அம்மா கொழுந்து எடுக்கிறவர், நான் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள் என்றேன். அந்தப் பதில்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. கொழுந்து நிறுக்கிற நேரத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், எல்லார் கண்ணும் தராசில்தான் இருக்கும், அதனால் காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கே போய்விடுவோம். கவ்வாத்து வெட்டின, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்த மலையில், மண்ணின் புளிப்பைக் குறைக்கிற டொலமைட் தூள் போட்டார்களா என்று தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்டால் ஒரு பதில், மூட்டை சுமந்தவரிடம் கேட்டால் இன்னொரு பதில். மண்ணைக் கொண்டுவந்து பேப்பரில் பரப்பி நிழலில் காயவைத்து, 2 மில்லிமீட்டர் அரிதட்டில் சலித்துப் பி.எச்., அதாவது மண்ணின் புளிப்பு அளவு, பார்ப்போம். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. மூட்டை சுமந்தவர் சொன்னதுதான் பெரும்பாலும் மண்ணிலும் தெரிந்தது.

இதைச் சொன்னதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சலுகை கேட்கிறாள் என்று யாராவது வருவீர்கள். சலுகை இல்லை ஐயா, தமிழும் தோட்டமும் தெரிந்திருப்பது அந்த வேலைக்குத் தகுதி. தங்கச்சி, சுயவிபரக் கோவையில் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன், வயிறு எரிகிறது. இதற்கு முன் வேறோர் இடத்தில் நேர்முகத்துக்கு வந்த கடிதம் தோட்டத்து ஒபிசில் கிடந்து, நாள் கடந்த பிறகுதான் என் கையில் வந்தது. கேட்டதற்கு, ஆள் வரும்போது கொடுக்கலாம் என்று வைத்திருந்தோம் என்றார்கள். இத்தனை தலைமுறையாக இருக்கிற ஜனத்துக்கு வீட்டு வாசலுக்கு வருகிற ஒரு விலாசம் கூட இல்லையே! அதனால் டவுனில் நம்பிக்கையான ஆளின் விலாசத்தைக் கொடுங்கள், மின்னஞ்சலும் போன் நம்பரும் மேலேயே பெரிதாகப் போடுங்கள்.